வரும் என்று சொல்கிற ஊரில் ஒரு லண்டன் வண்டி

எங்கள் ஊர்க் கடைகளில் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டோம். கோவில்பட்டி பஜாரில் எந்தக் கடையில் ஏறி எந்தச் சாமானைக் கேட்டாலும், இருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ‘வரும்’ என்பார்கள். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ‘இல்லை’ என்று வாயைத் திறந்தால் வியாபாரம் விளங்காது என்பது எல்லா வியாபாரிகளுக்கும் பொதுவான பயம். அதில் இந்து, கிறிஸ்தவர் வித்தியாசமெல்லாம் கிடையாது. மாதா படம் மாட்டியிருக்கிற என் கடையிலும் இதே கதைதான்.

என்னுடையது தையல் சாமான் கடை. நூல்கண்டு, பட்டன், ஜிப், லைனிங் துணி, மிஷின் எண்ணெய், ஊசி, பாபின். இருபது வருஷத்துக்கு மேல் நடத்துகிறேன். இந்த வருஷங்களில் எத்தனை ‘வரும்’ சொல்லியிருப்பேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். மூளையைக் கேட்காமல் வாய் தானாகவே சொல்லிவிடும்.

அப்படி நான் சொல்லி அனுப்பியவர்களில் இடைசெவலுக்குப் பக்கத்துக் கிராமத்துத் தையல்காரி ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். அவளிடம் ஒரு பழைய கறுப்புத் தையல் மிஷின் இருக்கிறது. அதற்குள் படகு மாதிரி நீளமாக ஒரு ஷட்டில் ஓடும். போன வருஷம் ஆடி மாதம், முனை உடைந்த ஷட்டிலைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, இதேபோல் ஒன்று வேண்டும் என்றாள். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்? “வரும்மா” என்றேன். உடைந்ததை மாதிரிக்கு இருக்கட்டும் என்று என்னிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனாள். நான் அதை மேஜை டிராயரில் போட்டேன்.

இதை இப்படியே வைத்துவிட்டு வண்டிக்கு வருகிறேன்.

ஆவணி மாதம் ஊருக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸை, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையை, மூடினார்கள். அங்கே நல்ல மர அலமாரிகள் விலைக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டு, நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பார். டேப்பை வைத்துக்கொண்டு அவர் அலமாரிகளை அளந்துகொண்டிருந்தபோது, நான் ஷெட்டின் கடைசி மூலையில் ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். அதன் அடியில் வண்டி நின்றது.

அது என்ன கம்பெனி வண்டி என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே விலை கேட்டுக் கடை வாசலில் ஆள் நிற்பார்கள். இங்கிலாந்தில் செய்த மோட்டார் சைக்கிள், என்னைவிட வயதில் மூத்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டயர் இரண்டும் மண்ணோடு மண்ணாக அமுங்கிக் கிடந்தன. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திய அடையாளம் இருந்தது. ஆனால் அந்தப் பெட்ரோல் டேங்க்! விரலால் தூசியைத் துடைத்தேன். மெரூன் நிறம், ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. பாதி வாழ்க்கையை நூல் நிறம் பார்த்தே கழித்தவள் நான். அந்த மெரூன் எந்த நம்பர் நூல்கண்டிலும் கிடையாது. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

“ஏங்க, அலமாரி வேண்டாம்” என்றேன்.

ஆபீஸ் முதலாளி பின்னால் வந்து நின்றார். அறுபதை நெருங்குகிறவர், நல்ல மனுஷர். அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். “எங்க அப்பா ஓட்டுன வண்டி அண்ணாச்சி. நாற்கரச் சாலையில புதுசா ஒரு ஓட்டல் கட்டுதாங்கள்லா, அவிய கேட்டுருக்காக. சுவத்துல மாட்டப் போறாகளாம்.”

“சுவத்துலயா?” என்றேன்.

“ஆமா தங்கச்சி. அழகுக்கு.”

“வண்டி இவுகளுக்கு இல்ல, எனக்கு. நான் ஓட்டுததுக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஒல்லி. காற்றடித்தால் பறந்துவிடுவேன் என்று என் தங்கைமார் கேலி செய்வார்கள். என் வீட்டுக்காரரோ இரண்டு ஆள் கனம், ஆனால் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டத் தெரியாதவர். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் நகர்ந்தார். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்.

“தைப்பொங்கல் வரைக்கும் வச்சுக்கோங்க. அதுக்குள்ள ஓட வச்சு எங்க வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்துட்டீங்கன்னா அது உங்க வண்டி. ஓடலைன்னா உங்க பணத்தத் திருப்பித் தாரேன், அது சுவத்துக்குப் போகட்டும். ஓடாத வண்டி எங்க இருந்தா என்ன?”

சரி என்று சொல்லிவிட்டேன். என்ன விலை பேசினேன் என்பதை எழுத மாட்டேன், என் வீட்டுக்காரருக்கே பாதிதான் தெரியும்.

குட்டியானை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து முன்கூடத்தில் நிறுத்தினோம். தெருவே வந்து பார்த்தது. நம்ம ஊர் போலீஸ்காரர்கள் ஓட்டுகிற வண்டியின் சாமான்களே இதற்கும் சேரும் என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் பழைய இரும்புக்காரனின் போன் நம்பரைக் கொடுத்தார்கள்.

முதலில் வந்த மெக்கானிக் இரண்டு போல்ட்டின் தலையை மழுங்கடித்துவிட்டுப் போய்விட்டான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் லூசாக இருக்கிறது, ஒன்பது உள்ளே போகவில்லை. இது என்ன சனியன் பிடித்த வண்டி என்று அவன்தான் கோபித்துக்கொண்டான். பிறகு எங்கள் தெருக் கடைசியில் கிரில் வெல்டிங் செய்கிற தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். மில் மூடிய பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவன். அவன் குனிந்து ஒரு போல்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். சரி, இவனும் போய்விட்டான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது தோளில் ஒரு சாக்கு இருந்தது. அதைத் தரையில் கவிழ்த்தான். பெரிதும் சிறிதுமாகப் பழைய ஸ்பேனர்கள்.

“மில்லு மிஷினு பூரா அந்தத் தேசத்துச் சாமான்தானக்கா. இதே இஞ்சுக் கணக்கு, இதே மரை” என்றான்.

ஸ்பேனரை வைத்தான். போல்ட் கிர்ரென்று சுற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. தொலைந்துபோன போல்ட், நட்டுகளுக்கும் அவன் சாக்கிலேயே ஜோடி கிடைத்தது. பஞ்சு நூற்ற மிஷினின் போல்ட்டுகள்தான் இன்றைக்கும் என் வண்டியின் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்து கிளட்ச். அந்த வண்டியின் கிளட்ச் தட்டில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு, அவற்றில் கார்க் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். எல்லாம் மக்கி உதிர்ந்துவிட்டன. கார்க்குக்கு எங்கே போவது? தம்பி தலையைச் சொறிந்தான். என் வீட்டுக்காரர்தான் மெதுவாக, “பூசைக்கு வைக்கிற திராட்சை ரசப் பாட்டில்ல கார்க்குதான போட்டிருக்கும்?” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாதா கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையைப் பிடித்தோம். அவர் காலி பாட்டில்களின் கார்க்குகளை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தார். எதற்கு வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. விஷயத்தைக் கேட்ட பங்குச் சாமியார் சிரித்துவிட்டு, வண்டி ஓடினால் கொண்டுவந்து மந்திரித்துக்கொள்ளுங்கள் என்றார். பிளேடால் நறுக்கி, எண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகச் செருகினேன். பட்டன் தைக்கிற கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

ஐப்பசி மழைக்குள் முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. சக்கரம் சுற்றியது, கிளட்ச் பிடித்தது, கார்புரேட்டர் கழுவியாயிற்று. உதைத்தால் மட்டும் உயிர் வரவில்லை.

கோளாறு மேக்னட்டோவில். பேட்டரி இல்லாமல் தானே சுற்றித் தானே நெருப்புப் பொறி உண்டாக்குகிற டப்பா அது. அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் பாயிண்ட் என்று ஒரு சாமான். தட்டித் தட்டித் திறந்து மூடினால்தான் பொறி பறக்கும். எங்களுடையது துருவேறி, தொட்டதும் இரண்டாக முறிந்துவிட்டது. “இது ஒண்ணு கெடச்சா போதும்க்கா, வண்டி பேசும்” என்றான் தம்பி. தீப்பெட்டி செய்து பிழைக்கிற ஊரில் ஒரு பொறிக்காக நான் அலைய ஆரம்பித்தேன்.

திருநெல்வேலி போனேன். “வரும்” என்றார்கள். மதுரையில் நாலு கடை ஏறினேன். நாலிலும் “வரும்”. கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். “அனுப்புறோம், வரும்” என்றார்கள். கம்ப்யூட்டரில் தேடி, இங்கிலாந்தில் பழைய வண்டிச் சாமான் விற்கிற ஒருத்தருக்கும் எழுதினேன். அவர் ஒருத்தர்தான் மறுநாளே பதில் போட்டார். ஒரே வரி. அந்த மாடலுக்கு இல்லை, வருத்தம். என்ன மனுஷன் இவன், எடுத்த எடுப்பில் இல்லை என்கிறானே, இவனெல்லாம் எப்படிக் கடை நடத்துகிறான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நம்ம ஆட்கள் எவ்வளவு மரியாதையாக ‘வரும்’ என்றார்கள்! நானே நாள் முழுவதும் அதைச் சொல்கிறவள். அப்படியிருந்தும், மற்றவர்கள் சொன்னதும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த முட்டாள்தனத்தை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

உள்ளூரில் நான் அதிகம் நம்பியது மெயின் ரோட்டிலுள்ள பம்புசெட் ஸ்பேர் கடைக்காரரை. ஆயில் இஞ்சின், மோட்டார், வாஷர், பெல்ட் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருப்பார். பெரியவர், அதிகம் பேச மாட்டார். முறிந்த பாயிண்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வரும் தாயி” என்றார். அடுத்த வாரம் போனேன். “வரும்.” தீபாவளி முடிந்து போனேன். “வரும்.” கார்த்திகை மழையில், கரிசல் மண் செருப்பில் அப்பி ஒவ்வொரு காலும் ஒரு படி கனக்க, போய் நின்றேன். “வரும் தாயி, உக்காருங்க, டீ சாப்பிடுதீங்களா?” என்றார்.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலையில் ஓட்டல்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் விலாசம் வாங்கி வந்திருந்தார்கள். பொங்கலுக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். சும்மா அளவு மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று உள்ளே வந்தார்கள். ஒருத்தர் டேப்பைப் பிடித்தார், மற்றவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “கனம் தாங்காதே. இஞ்சின உருவி எடுத்துருவோம். வெளியில இருந்து பாத்தா தெரியவா போகுது?” என்றார்.

அவர்கள் போன பிறகு கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயதில் ஒரு இரும்புச் சாமானுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏட்டி, அழாத. நான் வேணும்னா அந்த ஓட்டலுக்குப் போயி, ராத்திரியில யாருக்கும் தெரியாம செவுத்துல இருந்து கழத்திக் கொண்டு வந்துருதேன்” என்றார். ஸ்டூல் மேல் ஏறவே பயப்படுகிறவர். அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கோபம் போகவில்லை. நேராக பம்புசெட் கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து விவசாயிகள் நின்றார்கள்.

“அண்ணாச்சி, எத்தன தடவ வரும் வரும்னு சொல்லுவீங்க? இல்லன்னா இல்லன்னு சொல்லித் தொலைங்களேன்! உங்க ஒரு சொல்ல நம்பி நடையா நடக்கேன். மனுசிய அலைய விடுததுல அப்படி என்ன சந்தோசம் உங்களுக்கு?”

அவர் கையிலிருந்த பேரிங்கைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “வரும் தாயி” என்றார். நான் விருட்டென்று இறங்கி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தையல்காரி என் கடைக்கு வந்தாள். ஆடியிலிருந்து அது அவளுக்கு நாலாவதோ ஐந்தாவதோ நடை. “அக்கா, ஷட்டில் வந்துருமா? பொங்கலுக்கு ஜாக்கெட் தைக்கணும்னு ஊர்ல கேக்காக. துணி வாங்கிப் போடட்டுமா?” என்று கேட்டாள். நான் வேறு யாருக்கோ நூல் எடுத்துக்கொண்டிருந்தேன். மனசு முழுக்க ஓட்டல் சுவர். “வாங்கிப் போடும்மா. வரும்” என்றேன். அவள் சந்தோஷமாகப் போனாள்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது பம்புசெட் கடைக்காரர் படியேறி வந்தார். அவர் தன் கடையை விட்டு இறங்கி நான் பார்த்ததே இல்லை. சண்டைக்கு வருகிறாரோ என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

திறந்தேன். உள்ளே பஞ்சு வைத்து, அதன் மேல் ஒரு பாயிண்ட் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து, பளபளவென்று.

“பாஞ்சாலங்குறிச்சி தாண்டி ஒரு தோட்டத்துல பழைய மண்ணெண்ணெ இஞ்சின் ஒண்ணு கிடக்குன்னு ஒரு விவசாயி சொன்னாரு” என்று ஆரம்பித்தார். “கடைக்கு வார ஆளுக ஒவ்வொருத்தர்ட்டயும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அதுலயும் இதே மேக்னட்டோதான் இருக்கும். ஆனா ஷெட்டு பூட்டிக் கிடந்துச்சு. தோட்டத்துக்காரவுக வெளியூரு. பொங்கலுக்கு நேத்துதான் வந்தாக. போயி நானே கழத்திட்டு வந்தேன். ஓரத்துல கொஞ்சம் அரம் போடணும், அம்புட்டுத்தான்.”

நான்கு பேர் நடுவில் அவரைப் பேசிய பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் அம்புட்டுப் பேசினேனே. தேடிக்கிட்டு இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவருக்கு என் கேள்வி புரியவே இல்லை. “அதான் வரும்னு சொன்னேன்லா” என்றார்.

அவர் படியிறங்கிப் போனார். பிறகு டிராயரைத் திறந்தேன். தையல்காரியின் கைக்குட்டை, முடிச்சுகூட அவிழாமல், ஆடியில் போட்ட இடத்திலேயே கிடந்தது. இந்த ஊரில் யாருடைய ‘வரும்’ பொய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னுடையது.

போனை எடுத்தேன். சரக்குப் போடுகிறவர்கள், பழைய மிஷின் ரிப்பேர் செய்கிறவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஆறு பேர் “வரும்” என்றார்கள். “வரும் இருக்கட்டும், இப்ப கையில இருக்கா?” என்று, கடைக்காரர்களின் ‘வரும்’ தெரிந்த கடைக்காரியாகவே கேட்டேன். ஏழாவது ஆள் திருநெல்வேலியில். “பழைய டப்பாவுல கிடந்துச்சே, இருங்க பாக்கேன்” என்று போனை வைக்காமலே போய்த் தேடினார். தகரம் உருளுகிற சத்தம் கேட்டது. “ரெண்டு இருக்கு” என்றார். மத்தியான பஸ்ஸில் பார்சல் போட்டுவிடச் சொன்னேன். மொத்தம் அரை மணி நேரம் ஆகியிருக்கும். என்னுடைய அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவள் ஆடியிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பி பாயிண்டை அரம் போட்டுப் பொருத்தினான். வண்டியைத் தெருவில் இறக்கினோம். முதலில் அவன் உதைத்தான், வரவில்லை. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு உதை உதைத்தார். பெடல் எகிறி அவர் கெண்டைக்காலில் அடித்தது, அவர் நொண்டிக்கொண்டே வாசல்படியில் உட்கார்ந்தார். “தள்ளுங்க” என்றேன். பலம் இருந்து பிரயோஜனம் இல்லை, பக்குவம் வேண்டும் என்பதை நான் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்துப் பாடம் பண்ணியிருந்தேன். கார்புரேட்டரின் சின்னப் பொத்தானைப் பெட்ரோல் கசியும் வரைக்கும் அமுக்கினேன். பெடலை மெதுவாக மிதித்து, முட்டி நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். இஞ்சினுக்குள் அழுந்திய காற்றை வெளியே விடுகிற இடது கைப்பக்கத்துச் சின்ன லிவரைப் பிடித்து, பெடலை ஒரு விரற்கடை மட்டும் தாண்டவிட்டேன். லிவரை விட்டேன். பெடலை மேலே வரவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ஒரே மிதி.

டப் என்றது. அப்புறம் நின்று நிதானமாக டப், டப், டப், டப்.

தெருவே கை தட்டியது. தம்பி, பேசாத தம்பி, “அக்கா பேசுது! அக்கா பேசுது!” என்று கத்தினான். என் வீட்டுக்காரர் நொண்டிக் காலோடு எழுந்து, யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் ஹெட்லைட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை. அவரிடமே அதைச் சொன்னேன். தனக்கும் அப்படித்தான் என்றார்.

மறுநாள் காலை சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் ஸ்கூட்டரில் தம்பி, அவனுக்குப் பின்னால் ஸ்பேனர் பையையும் ஒரு கேன் தண்ணீரையும் மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். முதலில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீடு. தெருமுனையில் திரும்பும்போதே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். சத்தத்தைக் கேட்டு வந்திருக்கிறார். பாதி சவரம் செய்த முகம், கன்னத்தில் சோப்பு நுரை. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. சும்மா நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, எங்கள் முன்னாலேயே ஓட்டல்காரரைக் கூப்பிட்டார்.

“வண்டி இல்ல. ஆமா, இல்ல. வராது” என்றார்.

வியாபாரத்தை மூடியவருக்கு என்ன பயம்? எங்கள் ஊரில் ஒரு முதலாளி வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். கடம்பூர் போளி ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து நாற்கரச் சாலையிலிருந்து இறங்கி கிராமத்து ரோடு. இரண்டு பக்கமும் கரிசல், மழை பெய்த வருஷத்துப் பச்சை. காற்று முகத்தில் அடிக்க, அந்த மெரூன் டேங்க் வெயிலில் மினுங்க, நான் வாய்க்கு வந்த மாதா பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே போனேன். ஊர் எல்லையில் உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறினால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். பெண்கள் ஓரத்தில் நின்றார்கள். மெதுவாகப் போகலாம் என்று வலது காலால் மிதித்தேன். நான் ஓட்டிப் பழகிய நம்ம ஊர் மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் வலது காலில்தான் பிரேக். இந்த வண்டிக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பது அந்த நிமிஷம் மறந்துவிட்டது. வண்டி கியர் மாறி உறுமிக்கொண்டு உளுந்துக்குள் பாய்ந்தது. செடி பறக்க, நெற்று வெடிக்க, நான் அலறிக்கொண்டே அந்தப் பக்கம் வந்து நின்றேன். திட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தால், ஒரு பெண் கையை ஆட்டினாள். “யக்கா, நல்ல கனமான வண்டி! திரும்பிப் போகையில இன்னொரு சுத்து வாங்க!”

தையல்காரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஊரே வண்டியைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பொட்டலத்தைத்தான் பார்த்தாள். கைக்குட்டையையும் புது ஷட்டிலையும் கொடுத்தேன். நேராக உள்ளே போய், மிஷின் முன்னால் உட்கார்ந்து, பாபினைப் போட்டு ஷட்டிலை இறக்கினாள். பக்கத்தில் வெட்டிய ஜாக்கெட் துணிகள் ஒரு குவியலாக இருந்தன. கைப்பிடிச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி, மிதிப்பலகையை மிதித்தாள். தையல் சீராக ஓடியது. துணியைத் திருப்பிப் பார்த்து, விரலால் தடவினாள்.

“ஏம்மா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். “நான் இத நேத்துவரைக்கும் தேடவே இல்ல. சும்மாதான் வரும்னு சொன்னேன்.”

“தெரியும்க்கா” என்றாள். கோபமே இல்லை. “ஜாக்கெட் கேட்டு வாரவங்கட்ட நானும் ‘நாளைக்கு வாங்க’ன்னுதான சொல்லுதேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் தெரிந்தே அத்தனை தடவை பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். “அக்கா, மாம்பழ மஞ்சள்ல ஒரு நூல், உங்க கடையில நம்பர் நாப்பத்தேழு. போன தடவ கேட்டேன்.”

‘வரும்’ என்று வாய் திறந்துவிட்டது. பாதியில் மூடிக்கொண்டேன். இந்தத் தடவை மறந்துவிடக் கூடாது என்று, அவளிடமே தையல் சாக்பீஸை வாங்கி, யாரையும் கைகூட வைக்க விடாத அந்த மெரூன் டேங்க் மேலே, தங்கக் கோட்டுக்குப் பக்கத்தில், 47 என்று பெரிதாக எழுதினேன். பின்னால் ஸ்கூட்டரில் என் வீட்டுக்காரர் அய்யய்யோ என்றார்.

“வரும்” என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்தேன்.